எலும்பைத் தோண்டாமல் மணலை அளப்பதும் டைனோசர் ஆராய்ச்சிதானா?

நிலவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். டைனோசர் எலும்புகள் கிடைக்கும் பழைய ஆற்றுப் படிவுகளுக்கு விடுமுறையில் போகும் ஆய்வுக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் எலும்பு எடுக்கும் வேலை மூத்தவர்களுக்கு. அவருக்கு வண்டல் அடுக்குகளை அளந்து எழுதும் வேலை. மணலையும் சேற்றையும் அளந்து ஒரு விலங்கு எங்கே வாழ்ந்தது என்று சொல்ல முடியுமா, அல்லது அனுபவம் இல்லாதவர் என்று தன்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்களா என்பது அவருடைய கேள்வி.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: டைனோசரின் வாழிடத்துக்கான சான்று எலும்பில் இருக்கிறதா, எலும்பைச் சுற்றியுள்ள பாறையில் இருக்கிறதா? பெரும்பகுதி பாறையில்தான். விலங்கு எது, எவ்வளவு பெரியது, எதைத் தின்றிருக்கலாம் என்பதை எலும்பு சொல்லும். பக்கத்தில் ஓடியது பேராறா சிற்றோடையா, கரையில் மரம் நின்றதா, நிலம் ஆண்டு முழுவதும் ஈரமாக இருந்ததா, பாதி ஆண்டு காய்ந்து வெடித்துக் கிடந்ததா என்பதைப் பாறையிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே உங்களிடம் ஒப்படைத்திருப்பது ஓரத்து வேலை இல்லை. நான் ஆற்றுப் படிவுகளைப் படித்து, பிறகு பல ஆண்டுகள் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்றவன். எலும்பியல் என் துறை அல்ல. அந்தப் பக்கம் நான் சொல்வதை உங்கள் குழுவிலுள்ள தொல்லுயிரியலாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். விலங்கு வாழ்ந்த இடம், செத்த இடம், புதைந்த இடம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2011ஆம் ஆண்டு ஒரு எண்ணெய் மணல் சுரங்கத்தில் போரியலோபெல்டா என்ற கவச டைனோசர் கிடைத்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகள் பழையது; தோலும் கவசமும் அப்படியே இருக்கின்றன. அது புதைந்திருந்ததோ கடற்படிவில். பாறையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் அதைக் கடல்வாழ் உயிர் என்றே எழுத வேண்டியிருக்கும். ஆனால் அதன் வயிற்றில் இருந்தது பெரணி இலை, கூடவே கரித்துண்டுகள். காட்டுத்தீ போய்ப் புதிதாகத் துளிர்த்த நிலத்தில் மேய்ந்த விலங்கு அது; பிணம் உப்பி மிதந்து கடலுக்குப் போய் அடியில் அமர்ந்திருக்கிறது. இது அரிய நிகழ்வுதான். ஆனாலும் எலும்பு கிடைத்த இடத்தை வாழ்ந்த இடம் என்று எழுதக் கை போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மணலையும் சேற்றையும் அளப்பதில் என்ன பயன்? 2011ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். வட அமெரிக்காவின் ஹெல் கிரீக் படிவிலும் அதன் சமகாலப் படிவுகளிலும் கிடைத்த 343 டைனோசர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மணற்பாறையில் கிடந்ததா, சேற்றுப்பாறையில் கிடந்ததா என்று இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். மணற்பாறை பெரும்பாலும் ஆற்று வாய்க்கால். சேற்றுப்பாறை பெரும்பாலும் வெள்ளச்சமவெளி. கொம்பு டைனோசர்கள் சேற்றுப்பாறையில் அதிகம் இருந்தன. வாத்தலகு டைனோசர்களும் சிறிய தெசலோசாரஸும் மணற்பாறையில் அதிகம் இருந்தன. டைரனோசாரஸ் ரெக்ஸ் இரண்டிலும் பாகுபாடு இல்லாமல் கிடைத்தது. தாவர உண்ணிகள் நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன, ஒன்று ஆற்றோரத்திலும் மற்றது சமவெளியிலும் மேய்ந்தது என்பது அவர்களுடைய முடிவு. இந்த முடிவுக்கு அடித்தளம் எது என்று பாருங்கள். யாரோ ஒருவர் களக் குறிப்பேட்டில் எழுதிவைத்த ‘மணல்’ அல்லது ‘சேறு’ என்ற ஒற்றைச் சொல்தான். அந்தச் சொல்லைத் தப்பாக எழுதியிருந்தால் மேலே கட்டியது எதுவும் நிற்காது.

இதில் எது உறுதி, எது ஐயம்? எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பது உறுதி. அந்த வேறுபாடு வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது ஊகம். எனக்கு நியாயமாகப் படும் ஊகம். ஆனால் வாய்க்காலில் கிடக்கும் எலும்பு உருண்டு வந்திருக்கலாம். சமவெளியில் பெரிய, கனத்த மண்டையோடு மட்டும் தப்பியிருக்கலாம். எலும்பு தேடிப் போனவர்கள் எந்தப் பாறையில் அதிகம் தேடினார்கள் என்பதும் கணக்கை மாற்றும். இதனால்தான் என்னிடம் வரும் மாணவர்களிடம் ஒன்றை விடாமல் வற்புறுத்துகிறேன்: எலும்பு இல்லாத இடத்தையும் அளந்துவிட்டு வாருங்கள். எலும்பு உள்ள பத்து சேற்றுப்பாறைகளை விவரித்துவிட்டு, அவை எல்லாவற்றிலும் வேர்த்தடம் இருக்கிறது என்று எழுதினால் அது சான்றாகாது. அதே படிவில் எலும்பு இல்லாத சேற்றுப்பாறைகளிலும் அதே அளவு வேர்த்தடம் இருந்தால் உங்கள் முடிவு அங்கேயே கரைந்துபோகும். மூத்த ஆய்வாளர்களுக்கே பெரும்பாலும் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. இளநிலை மாணவர் ஒருவர் மூன்று வாரத்தில் செய்து முடிக்கக்கூடிய, உண்மையிலேயே புதிதான வேலை இதுதான்.

களத்தில் என்ன பார்ப்பீர்கள் என்று சொல்கிறேன். ஒரு சரிவின் அடியில் நிற்கிறீர்கள். கீழே, ஆறு அரித்துத் தின்ற மேடுபள்ளமான அடிப்பரப்பு. அதன் மேல் கூழாங்கற்கள், கரையிலிருந்து இடிந்து விழுந்த சேற்றுக்கட்டிகள், சில சமயம் தேய்ந்த எலும்புத் துண்டுகள். அதற்கு மேல் நடுத்தர மணல். அதில் சாய்ந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிண்ணம் கிண்ணமாகக் கிடக்கும். இன்னும் மேலே மணல் நுண்மையாகி, கோடுகள் விரற்கடை உயரச் சிற்றலைகளாகச் சுருங்கும். உச்சியில் சேறு, சேற்றில் வேர் ஓடிய தடம். வளைந்து ஓடும் ஆறு வெளிவளைவை அரித்து, உள்வளைவில் மணல்திட்டை வளர்த்தபடி பக்கவாட்டில் நகரும்போது இந்த வரிசை படிகிறது. ஆழத்தில் நீரோட்டம் வேகம், அதனால் பருமணல். திட்டின் மேலே ஓட்டம் மெதுவாகிறது, அதனால் நுண்மணல். ஆறு விலகிப் போனபின் வெள்ளம் மட்டும் வந்து சேற்றை விட்டுப் போகிறது. இடையில் இடைவெளி இல்லாமல் மேலும் கீழுமாக அடுக்கியிருப்பவை ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக இருந்த சூழல்கள் என்று ஜெர்மன் நிலவியலாளர் யோஹானஸ் வால்தர் 1894இல் எழுதிய விதி இதைத்தான் சொல்கிறது. ‘இடைவெளி இல்லாமல்’ என்ற நிபந்தனையை மறந்துவிட்டால் விதியே தவறாகப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது உச்சியில் இருக்கும் அந்தச் சேறுதான். பார்வைக்கு ஒன்றுமில்லாத மண்சுவர். ஆனால் டைனோசர்கள் நடந்த தரை அது. ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் மெழுகு தேய்த்ததுபோல் மினுங்கி, மெல்லிய கீறல்களோடு இருந்தால், ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கிய களி தன்னோடு தானே உரசிய தடம் அது. மழைக்காலமும் கோடைக்காலமும் மாறிமாறி வந்த நிலம் என்பதற்கு நல்ல அறிகுறி. பிற்காலத்தில் பாறை பிளந்து நழுவினாலும் இப்படிக் கீறல் விழும் என்பதால் இது மட்டும் போதாது. சிவந்த மண்ணில் பச்சை கலந்த சாம்பல் நிறக் கோடு ஒன்று கீழே போகப் போகக் கிளைத்து மெலிந்தால் வேர். தடிமன் மாறாமல் போனால் பெரும்பாலும் ஏதோ உயிர் துளைத்த வளை. கடுகளவு எடுத்து முன்பற்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் நுண்வண்டல் கலந்திருக்கிறது. வெண்ணெய்போல் வழுக்கினால் களி. ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் பொங்கினால் சுண்ணம். சுண்ணம் முண்டு முண்டாகத் திரண்டிருந்தால், பெய்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகும் அளவுக்கு இல்லை, மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள்.

இந்த முண்டுகள் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகின்றன என்பதை வைத்து அக்காலத்து மழையளவையே கணக்கிடலாம் என்று சிலர் சூத்திரங்கள் தந்திருக்கிறார்கள். அதை நான் எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துவேன். அன்றைய தரையின் மேல்பகுதி அடுத்த வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தால் ஆழம் குறைவாகத் தெரியும். மேலே குவிந்த பாரத்தில் மண் நசுங்கியிருந்தாலும் அப்படியே. நிறமும் ஏமாற்றும். சிவப்பு என்றால் நீர் வடிந்த காற்றோட்டமான மண், சாம்பல் என்றால் நீர் தேங்கிய மண் என்பது பொதுவாகச் சரி. ஆனால் புதைந்து நெடுங்காலம் கழித்தும் இரும்பு சிவக்கும். நிறம், வேர், முண்டு, கீறல் நான்கும் ஒரே திசையைக் காட்டினால் நம்புங்கள். நிறம் ஒன்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள்.

வாய்க்காலின் ஆழத்தையும் அளக்க முடியும். இது பலருக்கு வியப்பாக இருக்கிறது. மணற்பாறையில் நான் சொன்ன அந்தச் சாய்ந்த கோடுகள், ஆற்றின் அடியில் நகர்ந்த மணல்மேடுகள் விட்டுப்போன தடங்கள். ஒவ்வொரு மேடும் முன்னால் போன மேட்டின் தலையை அரித்துவிடுவதால், எஞ்சியிருப்பது அடிப்பகுதி மட்டுமே. மேட்டின் சராசரி உயரம், எஞ்சிய அடுக்கின் சராசரித் தடிமனைப்போல் ஏறத்தாழ 2.9 மடங்கு என்று 2001இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆற்றின் ஆழம் மேட்டின் உயரத்தைப்போல் சுமார் 6 முதல் 10 மடங்கு. உங்கள் அடுக்குகளின் சராசரித் தடிமன் 15 செ.மீ. என்றால் மேடு ஏறக்குறைய 43 செ.மீ.; ஆறு இரண்டரை மீட்டரிலிருந்து நான்கரை மீட்டருக்குள். ‘3.5 மீட்டர் ஆழமான ஆறு’ என்று எழுதாமல், இந்த இரண்டு எல்லைகளையும் எழுதுங்கள். ஒரே பாறையில் ஐந்தாறு அடுக்குகளை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். நிறைய அளக்க வேண்டும், அளக்க வசதியான தடித்த அடுக்குகளை மட்டும் தேர்ந்தெடுக்கவும் கூடாது.

எலும்பும் ஆற்றுக்கு ஒரு கூழாங்கல்தான். தொல்லுயிரியலாளர் மைக்கேல் வூர்ஹீஸ் 1969இல் ஆடு, கயோட்டி (ஓநாய் போன்ற சிறு விலங்கு) ஆகியவற்றின் எலும்புகளை ஓடும் நீரில் விட்டுப் பார்த்தார். விலா எலும்பும் முதுகெலும்பும் உடனே கிளம்பிவிட்டன. தொடை, மேற்கை எலும்புகள் மெதுவாக நகர்ந்தன. மண்டையோடும் தாடையும் பின்தங்கின. உங்கள் குழு எடுக்கும் இடத்தில் தாடையும் மண்டையோடும் மட்டுமே இருந்தால், மற்றவற்றை நீர் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். எல்லாம் கலந்திருந்தால் நீர் அதிகம் பிரிக்கவில்லை. டைனோசர் எலும்பின் அளவும் வடிவும் வேறு என்பதால் இந்த வரிசையை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அது கற்றுத் தருகிறது. அமெரிக்காவின் டைனோசர் தேசிய நினைவிடத்தில் 1909இல் கண்டெடுக்கப்பட்ட பாறைச்சுவரில் இன்றும் ஏறத்தாழ 1,500 எலும்புகள் தெரிகின்றன. பலவகை விலங்குகள் ஒரே சுவரில் கிடக்கின்றன. பார்த்தவுடன், எல்லாம் ஒன்றாக வாழ்ந்த மந்தை என்று தோன்றும். பாறை சொல்வது வேறு: ஆறு கொண்டுவந்து ஒரே இடத்தில் சேர்த்தவை அவை.

இன்னும் தீராத வழக்கு ஸ்பைனோசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி டைனோசர். மொராக்கோவின் கெம் கெம் ஆற்றுப் படிவில் ஒரு இடத்தில் சேகரித்த 1,200க்கும் மேற்பட்ட எச்சங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அதன் பற்கள். ஆகவே அது நீரிலேயே வாழ்ந்தது என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கரையில் நின்று மீன் பிடித்த விலங்கு என்று சொல்பவர்களும் விடவில்லை. என் துறையிலிருந்து பார்த்தால் ஒன்று மட்டும் சொல்வேன். இந்த விலங்குகள் வாழ்நாள் முழுவதும் பல் உதிர்ப்பவை. பல் கடினமானது, ஆற்றில் எளிதில் அழியாது. மற்ற டைனோசர்களின் பற்களும் அதே ஆற்றில்தான் கிடைத்தன, ஆனால் குறைவாக என்பது அவர்கள் வாதத்தின் பலம். அந்த ஆற்றுக்குப் பக்கத்துச் சமவெளிப் படிவிலும் அதே முறையில் சலித்து எண்ணினால்தான் எனக்கு நிறைவாக இருக்கும்.

ஐயமே இல்லாத சான்றும் உண்டு. கால்தடம் உருண்டு வராது. சேற்றில் பதிந்த தடம் இருந்தால், அந்த விலங்கு அந்தச் சேற்றில் நின்றது, அவ்வளவுதான். கூடும் அப்படியே. மத்தியப் பிரதேசத்தில் லமேட்டா படிவில் 92 டைனோசர் கூடுகளும் 256 முட்டைகளும் 2023இல் விவரிக்கப்பட்டன. முட்டையிட அங்கே வந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்தன என்பதை அந்தக் கூடுகள் சொல்லவில்லை. உங்கள் களத்தில் மணலுக்கு அடியில் சேறு திடீரென்று கிண்ணம்போல் அமுங்கியிருந்தால், வெறும் கோணல் என்று கடந்து போகாதீர்கள். வெட்டுமுகத்தில் பார்க்கும் கால்தடமாக இருக்கலாம்.

அளக்கும்போது நேரும் பிழைகளில் ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது நாற்பது மீட்டர் சரிவு ஒன்றை இரண்டு நாள் வெயிலில் அளந்தேன். அழகான இரட்டை மணற்பாறை. ஆறு இரண்டு முறை வந்து போயிருக்கிறது என்று எழுதினேன். மூன்றாம் நாள் எதிர்ச்சரிவிலிருந்து பார்த்தபோது, கீழே இருந்தது மேலே இருந்ததிலிருந்து நழுவி வந்த துண்டு என்று தெரிந்தது. ஒரே அடுக்கை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து அளப்பதற்கு முன் எதிரே போய் நின்று முழுச் சரிவையும் ஒரு முறை வரைகிறேன். உதிரி மண்ணை மண்வெட்டியால் விலக்கி, கலையாத பாறை தெரியும்வரை ஒரு முழம் உள்ளே தோண்டிய பிறகே அடுக்கின் பெயரை எழுதுகிறேன்.

இன்னொன்று, தடிமனைக் காலமாக எண்ணிவிடாதீர்கள். இரண்டு மீட்டர் மணல் சில வெள்ளங்களில் குவிந்திருக்கலாம். அதன் மேல் இருக்கும் முப்பது சென்டிமீட்டர் சிவப்பு மண் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம். குறிப்பேட்டில் அது ஒரு வரி. விலங்குகளின் வாழ்க்கையோ பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் நடந்தது. எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் அதிலுள்ள சிர்கான் படிகங்களைக் கொண்டு வயது கண்டுபிடிக்க முடியும். சாம்பல் நாளடைவில் களியாக மாறிவிடும்; ஆகவே வெளுத்த, சோப்புப்போல் வழுக்கும் மெல்லிய களி அடுக்கைப் பார்த்தால் உடனே மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, எலும்பு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். எடுக்காதீர்கள். பல நாடுகளில் அதற்கு அனுமதி வேண்டும். அமெரிக்காவின் கூட்டரசு நிலங்களில் முதுகெலும்பிகளின் எச்சங்களை அனுமதியின்றி எடுப்பதை 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், எடுத்த எலும்பு அழிந்துபோகலாம். அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் பின்னர் உதிர்ந்து போய்விட்டன. இன்று அதன் அளவைப் பற்றி வாதிடுபவர்களிடம் இருப்பவை பழைய படங்களும் குறிப்புகளும்தான். அந்தக் குறிப்புகளும் இல்லாதிருந்தால் வாதிடவே ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே எலும்பு பாறையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். உங்கள் அடுக்கு வரிசையில் அது எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது, சுற்றியிருப்பது மணலா சேறா, நீண்ட எலும்பு என்றால் எந்தத் திசையை நோக்கிக் கிடக்கிறது, பக்கத்து மணலின் கோடுகள் காட்டும் நீரோட்டத் திசை எது என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது என்று அம்புக்குறி போடுங்கள். பின்னால் ஆய்வகத்தில் எலும்பைச் சுத்தம் செய்யும்போது மேல்பக்கம் வெடித்துச் செதில் செதிலாகவும், கீழ்ப்பக்கம் வழுவழுப்பாகவும் இருந்தால், அடுத்த வெள்ளம் வந்து மூடும்வரை அது அதே தரையில், அதே நிலையில், வெயிலில் கிடந்திருக்கிறது. அதைச் சொல்ல உங்கள் அம்புக்குறியைத் தவிர வேறு சான்று இருக்காது.